வீட்டைச் சுற்றி ஓராண்டு: நம்மூர்ப் பறவை, பூச்சி, செடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சமவெளியில் வாசல், கொல்லை, மொட்டைமாடி, தெருவோரம், ஊர் ஏரி என்று இவ்வளவுக்குள் கண்ணில் படும் உயிர்களைப் பற்றிய கேள்விகள் இவை. யானை, புலி கிடையாது. கொல்லையில் என்ன பூத்தது, எது வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தாரும் உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மரத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் கடந்துபோகும் வேம்போ புங்கமோ போதும். வாரம் ஒரு முறை அதன் கீழே ஐந்து நிமிடம் நின்று இலை, மொட்டு, பூ, காய், பழம் இவற்றில் எது இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

புங்க மரத்தை எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். பட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கும்போது பளபளவென்று தளிர் விடும். பின்னாலேயே பூ. சித்திரையில் மரத்தடி முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கும். மேலே தேனீக்களின் ரீங்காரம் தெருவரைக்கும் கேட்கும். இதை ஒரு வருடம் முழுதாகப் பார்த்துவிட்டால் அடுத்த வருடம் நீங்களே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். புத்தகமும் பைனாகுலரும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நம்மூரில் பருவம் என்றால் வெயில், அதிக வெயில், இவ்வளவுதானே?

இந்தக் கிண்டலை நானும் செய்திருக்கிறேன். ஆனால் பறவைக்கும் செடிக்கும் நம் பழைய ஆறு பருவக் கணக்கு இன்றும் ஓரளவு பொருந்துகிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாக எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

காரில் (ஆவணி, புரட்டாசி) சாயங்கால மழைகள். தும்பையும் நெருஞ்சியும் முளைக்கும். தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளில் முதல் வரவுகளும் இப்போதுதான். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். புரட்டாசி வந்துவிட்டது.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை) நமக்கு உண்மையான மழைக்காலம். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் எப்படியோ, நமக்கு அக்டோபர் அப்படி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி குளம் நிறையும், தவளை கத்தும், வேலியில் செங்காந்தள் தீ மாதிரி பூக்கும். கார்த்திகைப்பூ என்று அதற்கு இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை.

முன்பனியில் (மார்கழி, தை) பறவை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். வந்த விருந்தாளிகள் எல்லாம் ஊரில்தான் இருப்பார்கள். வெளிச்சமும் இதமாக இருக்கும்.

பின்பனியில் (மாசி, பங்குனி) முள்ளிலவும் கல்யாண முருங்கையும் இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். மைனா, காக்கை, கரிச்சான், தேன்சிட்டு என்று ஒரே மரத்தில் பத்து இனத்தைப் பார்க்க இதுதான் நேரம். குயில் தொண்டையைத் திறப்பதும் இப்போதுதான்.

இளவேனிலில் (சித்திரை, வைகாசி) சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், வேப்பம்பூ உதிரும், காகங்கள் கூடு கட்டும். முதுவேனில் (ஆனி, ஆடி) நாவல் பழத்துக்கும் வேப்பம்பழத்துக்கும் உரியது. பகலில் அணிலும் கொண்டைக்குருவியும், ராத்திரியில் பழந்தின்னி வௌவாலும் அந்த விதைகளை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ப் போடும். காசு வாங்காத தோட்டக்காரர்கள்.

மாடியில் நாலு தொட்டிதான் வைக்க இடம் இருக்கிறது. அதில் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும். முதல் தொட்டியில் கறிவேப்பிலை. இரண்டாவதில் துளசி, அதைப் பூக்க விடுங்கள், கதிரைக் கிள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். காலையில் பத்து மணிக்குத் துளசிக் கதிரில் எத்தனை வகைத் தேனீ வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவதில் வெட்சி என்கிற இட்லிப்பூ. நாலாவது தொட்டியில் மண்ணை மட்டும் போட்டு, மழை வரும்வரை சும்மா விடுங்கள். என்ன முளைக்கிறதோ முளைக்கட்டும். பெரும்பாலும் குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்குத்திப்பூ வரும். மூக்குத்திப்பூ அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடிதான். ஆனாலும் சின்னச் சின்னப் பட்டாம்பூச்சிகள் அதைத் தேடித்தான் வருகின்றன.

அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு நாள் இளம் இலையில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகளில் ஒன்று இட்ட முட்டை அது. சில நாளில் அங்கே பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ கிடக்கும். துடைக்கப் போகாதீர்கள், அதுதான் புழு. எச்சத்தை எந்தக் குருவியும் தின்னாது என்பதால் அந்த வேஷம். கொஞ்சம் பெரிதானதும் வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது விரல் நுனியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து நாக்கு மாதிரி கிளைத்த சிவந்த கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு புளித்த வாடை. இரண்டு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு குச்சியில் ஒரு பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து சிறகு வரை சுமார் ஒரு மாதம். என் தொட்டியில் ஒரு தடவை பதினொரு புழுக்கள் இருந்தன. செடியில் ஈர்க்கு மட்டும்தான் மிஞ்சியது. மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிட்டது. கறிவேப்பிலைக்கு இது பழகிப்போன விஷயம்.

புழு தின்ற செடிக்கு மருந்து அடிக்கவே கூடாதா?

காய்கறிப் பாத்தியில் சேதம் கை மீறினால் வேறு பேச்சு. அழகுக்கு வளர்க்கும் செடியில் ஏன் அடிக்கவேண்டும்? தையல்சிட்டும் தேன்சிட்டும் சிட்டுக்குருவியும் தங்கள் குஞ்சுகளுக்கு முதலில் ஊட்டுவது தானியத்தையோ தேனையோ அல்ல. புழு, சிலந்தி, சிறுபூச்சிகளைத்தான். புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சும் இருக்காது.

எலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கூகையோ புள்ளி ஆந்தையோ எளிதாகப் பிடித்துத் தின்றுவிடும், அந்த விஷம் அதையும் தாக்கும். எலியைத் தொடர்ந்து குறைத்துக்கொண்டிருந்த ஆளையே நாம் கொன்றுவிடுகிறோம். பசை அட்டை இன்னும் மோசம். ஓணான், பல்லி, குருவி எல்லாமே அதில் சிக்கித் துடிக்கும். பழைய எலிப்பொறியே மேல்.

எருக்கு வீட்டருகே இருக்கக்கூடாது என்கிறார்கள். வெட்டிவிடலாமா?

அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல். சின்னக் குழந்தைகள் விளையாடும் இடமென்றால் யோசியுங்கள். மற்றபடி விட்டுவிடலாம். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எருக்கிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு அந்த விஷப்பாலையே தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் வளர்ந்த பட்டாம்பூச்சியைப் பறவைகள் தொடாது. அவசரமே இல்லாமல் அது மிதந்து போவதைப் பார்த்தாலே அந்தத் தைரியம் தெரியும்.

இதேபோல் ஆவாரையும் கொன்றையும் இருந்தால் வெள்ளை, இளமஞ்சள் பட்டாம்பூச்சிகள் வரும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். அதன் கூட்டுப்புழு வெள்ளியை உருக்கி ஊற்றியது போல் மின்னும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்தாலும் பிடுங்காதீர்கள். வரியன், கருப்பன் இனத்து ஆண்கள் அதைச் சுரண்டி ஒரு சாற்றை உறிஞ்சும், பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்க அது வேண்டும். பருவமழைகள் மாறும் சமயங்களில் இவை நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் வலசை போவதுண்டு. அப்போது ஒரு கிலுகிலுப்பைப் புதர் முழுக்கச் சிறகாக இருக்கும்.

கோடையில் தண்ணீர் வைப்பது எப்படி?

அகலமான மண் தட்டு. ஆழம் மூன்று, நாலு சென்டிமீட்டர் போதும். நடுவில் கையளவு கல் ஒன்று வையுங்கள். தேனீ, குளவி போன்றவை மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க அது உதவும். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில் வைக்கவேண்டும். தினமும் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், சோப்பு வேண்டாம். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் தினமும் மாற்றும் தட்டில் அந்தப் பயம் இல்லை. மாற்றாமல் விட்ட தட்டுதான் ஆபத்து: கொசுவும் வரும், ஒரு பறவையின் நோய் இன்னொன்றுக்கும் போகும். பத்து நாள் உற்சாகமாக வைத்துவிட்டு மறப்பவர்கள் வைக்காமலே இருக்கலாம்.

வைத்த மறுநாளே பறவை வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். எங்கள் தட்டுக்கு முதலில் தவிட்டுக்குருவிகள் வர ஒன்பது நாள் ஆனது. வந்தபோது ஏழாக வந்து, ஒன்றையொன்று தள்ளிக் குளித்து, தட்டையே காலி செய்துவிட்டுப் போயின.

சோறு, அரிசி, பிஸ்கட் எல்லாம் போடலாமா?

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை யாரும் குறைசொல்லப் போவதில்லை. பிஸ்கட், மிக்சர், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். மாடப்புறாவுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை ஒரே இடத்தில் அளவுக்கு மீறிப் பெருகும், மற்ற பறவைகளை ஒதுக்கும், உலர்ந்த எச்சத்தூள் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையை உண்டாக்கும். தானியத்துக்குச் செலவழிப்பதை ஒரு நாவல் கன்றுக்கோ அத்திக் கன்றுக்கோ செலவழியுங்கள். அது பல பத்தாண்டுகளுக்குச் சாப்பாடு போடும்.

என்ன மரம், எப்போது நடுவது?

எப்போது என்பதற்கு விடை சுலபம். ஆடியில் குழி எடுத்து ஆறவிட்டு, ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்கு மழை கன்றைப் பார்த்துக்கொள்ளும். கோடையில் விழாவெடுத்து நடும் கன்றுகளில் எத்தனை அடுத்த பொங்கலைப் பார்க்கின்றன என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

எது என்பதற்கு இடத்தைப் பார்க்கவேண்டும். தெருவோரத்துக்குப் புங்கம், பூவரசு, வேம்பு. சின்னக் கொல்லைக்கு நுணா, முருங்கை, கல்யாண முருங்கை. ஏரிக்கரை, கோயில் நிலம் போன்ற பெரிய இடத்துக்கு ஆல், அரசு, அத்தி, இலுப்பை, நாவல். இவற்றில் ஆல், அரசு, அத்தி மூன்றும் தனி ஜாதி. ஒவ்வொரு இனத்துக்கும் உரிய நுண்ணிய குளவி ஒன்று காய்க்குள் புகுந்துதான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். அந்தக் குளவிக்குத் தொடர்ந்து காய் வேண்டும் என்பதால் ஊரில் ஏதாவது ஒரு மரம் எந்த மாதத்திலும் பழுத்திருக்கும். மற்ற மரங்கள் கைவிரிக்கும் நாட்களில் குக்குறுவான், பச்சைப்புறா, வால்காக்கை எல்லாம் அங்கேதான். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் இவற்றை வைத்துவிடாதீர்கள். வேர் சுவரை விட்டுவைக்காது.

பனையை மறந்துவிடக்கூடாது. நம் மாநில மரம் என்பதற்காகச் சொல்லவில்லை. காய்ந்து தொங்கும் ஓலைக்குள் பனை உழவாரன் கூடு ஒட்டும். ஓலை நுனியில் தூக்கணாங்குருவி தொங்கவிடும். மட்டை இடுக்கில் மரநாய் பகலெல்லாம் தூங்கும். பட்டுப்போன பனையின் பொந்தில் கிளியும் மைனாவும் குடியிருக்கும். நின்ற நிலையில் காய்ந்த பனை யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் விட்டுவையுங்கள். அது காலி வீடு அல்ல.

சீமைக்கருவேலம், உண்ணிச்செடி இவற்றை அகற்றவேண்டும் என்கிறார்கள். அவற்றிலும் பறவைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, மறுக்க முடியாது. உண்ணிச்செடிப் பழத்தைக் கொண்டைக்குருவி விரும்பித் தின்னும், அதனால்தான் அது இவ்வளவு பரவியது. ஆனால் அதன் அடியில் வேறு எதையும் எழவிடாது. நாலைந்து செடி இனம் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று நிற்கும். அந்த நாலைந்தை நம்பியிருந்த பூச்சிகள் காணாமல் போகும். அகற்றவேண்டும்தான். ஒரே நாளில் பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் வாரி எடுக்காமல் பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் செடிகளை வைத்துக்கொண்டே போவது நல்லது. கூடு கட்டும் மாதங்களைத் தவிர்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பால்கனி ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. என்ன செய்யவேண்டும்?

ஒன்றும் செய்யவேண்டாம். துணி காயப்போட ஒரு மாதம் வேறு கொடி பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் தள்ளி நின்று அந்தக் கூட்டைப் பாருங்கள். சிலந்தி வலையை நூலாக்கி, காய்ந்த இலை, நார், மரப்பட்டைத் தூள், புழு எச்சம் என்று குப்பையை எல்லாம் ஒட்டித் தொங்கவிட்ட பை அது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டடை மாதிரியே இருக்கும். வாசலுக்கு மேலே சின்னக் கூரை உண்டு. உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டை. ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும், இன்னும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே குஞ்சு வளரும். எங்கள் வீட்டில் முதல் தடவை வீட்டு வேலையில் உதவ வந்தவர் ஒட்டடை என்று நினைத்துக் கோலை நீட்டிவிட்டார். நல்லவேளை, தாய்க்குருவி போட்ட கூச்சலில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

கிளை வெட்டும் வேலை இருந்தால் ஒரு முறை மரத்தைச் சுற்றி வந்து கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். எல்லாப் பறவைக்கும் ஒரே கூடு கட்டும் காலம் கிடையாது. காகம் கோடையில், தூக்கணாங்குருவி மழையில், தேன்சிட்டு ஏறக்குறைய வருடம் முழுக்க.

குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காதாமே?

அது உண்மை இல்லை. பெரும்பாலான பறவைகள் மோப்பத்தால் குஞ்சை அடையாளம் காண்பதில்லை. சிறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகில்தான் இருக்கும். எடுத்துப் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ உட்காரவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி மறுபடி வையுங்கள். கூடும் விழுந்திருந்தால் சின்ன ஓலைப்பெட்டியில் நார் போட்டு அதே கிளையில் கட்டுங்கள். வாயில் தண்ணீர், பால் எதையும் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்கோ பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு காட்சி உண்டு. பச்சை, நீலம், மஞ்சள், அடிவயிற்றில் சிவப்பு என்று ஒன்பது நிறத்தில் ஒரு பறவை வீட்டுக்குள் வந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அது ஆறுமணிக் குருவி. வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். ராத்திரிப் பயணக் களைப்பில் இப்படி விழுவதுண்டு. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் அமைதியாகச் சில மணி நேரம் வைத்து, சாயங்காலம் செடிகள் அடர்ந்த இடத்தில் திறந்துவிடுங்கள். மறுநாள் விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அது உங்கள் கொல்லையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் வந்த பெயர்தான்.

சித்திரை வந்தால் காக்கை தலையில் கொத்துகிறது. சகுனமா?

பக்கத்தில் கூடு இருக்கிறது, அவ்வளவுதான். நாலைந்து வாரம் குடை பிடித்துக்கொண்டு போங்கள், அல்லது தெருவின் மறுபக்கமாக நடங்கள். அந்தக் கூட்டில் குயிலின் குஞ்சும் இருக்கக்கூடும். கருங்குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும். தெருவெல்லாம் கேட்கும்படி கூவுவது கன்னங்கரிய ஆண். காக்கை அதை விரட்டிக்கொண்டு போக, பழுப்பில் புள்ளி போட்ட பெண் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும்.

சிட்டுக்குருவி செல்போன் கோபுரத்தால்தான் அழிந்ததா?

அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள் வேறு: ஓட்டு வீட்டின் இடுக்கும் தாழ்வாரமும் போய்விட்டன, தானியம் சிந்தும் முற்றம் போய்விட்டது, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி தரும் புதர்கள் போய்விட்டன. இவை இன்னும் மிச்சமிருக்கும் பழைய கடைத்தெருக்களிலும் கிராமங்களிலும் குருவி இருக்கிறது, பக்கத்திலேயே கோபுரமும் இருக்கிறது. மரப்பெட்டி வைப்பதாக இருந்தால் வாசல் துளை 32 மில்லிமீட்டர் போதும்; பெரிதானால் மைனா புகுந்துவிடும். வெயில் நேரடியாக விழாத சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பெட்டியை அன்றைக்கு மாட்டிவிட்டு, பக்கத்துப் புதரை ஏப்ரலில் வெட்டிவிட்டால் பயனில்லை.

மழைக்காலத்தில் பாம்பு வந்துவிடுமே?

வரலாம். புற்றிலும் வளையிலும் தண்ணீர் புகுந்தால் அது எங்கே போகும்? நம் பகுதியில் மனித உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கால் வருபவை. அடிக்கடி கண்ணில் படும் நீளமான சாரைக்கு விஷமே கிடையாது, எலிதான் அதன் உணவு. சாரை நல்லபாம்போடு சேரும் என்பது கதை. இரண்டு பாம்புகள் நிமிர்ந்து பின்னிக்கொண்டு ஆடினால் அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

செய்யவேண்டியது: சுவரோரம் செங்கல், விறகு குவிக்காதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுப்பவர்கள் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள், கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். பாம்பைக் கண்டால் தள்ளி நின்று கண்காணித்துக்கொண்டே தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். மந்திரம், பச்சிலை என்று ஒரு நிமிடம்கூட வீணாக்கக்கூடாது.

ஈசல் மொய்க்கிறது என்று விளக்கை அணைப்பதா, ஆளை விடுங்கள்!

வருடத்தில் மொத்தமே சில ராத்திரிகள்தான். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து புகை மாதிரி கிளம்பும் ஈசலுக்காகக் கரிச்சான், மைனா, தேரை, பல்லி எல்லாம் காத்திருக்கும். வெளி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்தால் போதும். அவற்றுக்கும் விருந்து, உங்களுக்கும் கூட்டும் வேலை மிச்சம். மற்ற நாட்களிலும் மாடி விளக்கு விடிய விடிய எரியவேண்டுமா என்று பாருங்கள். மின்மினிகள் ஒளியால்தான் துணையைத் தேடுகின்றன. நம் வெள்ளை விளக்கில் அவற்றின் செய்தி கரைந்துவிடும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலில் நூறு முட்டை வாக்கில் இடும். 45 முதல் 60 நாளில் பொரியும் குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும். தெருவிளக்குப் பக்கம் நடந்தால் கதை முடிந்தது.

ஈசல் கிளம்பும் அந்த முதல் மழை நாட்களில், பகலில், செம்மண் பாதையில் குனிந்து பாருங்கள். வெல்வெட் துணியை உருட்டியது போல் ரத்தச் சிவப்பில் ஒன்று எட்டுக் காலில் நகரும். தம்பலப்பூச்சி, பட்டுப்பூச்சி என்று ஊருக்கு ஒரு பெயர். சங்கப் புலவர்கள் இதை மூதாய் என்றார்கள். சில நாள்தான் தென்படும். தீப்பெட்டியில் பிடித்து அடைக்காமல் உள்ளங்கையில் ஏறவிட்டு இறக்கிவிடுங்கள்.

கிளி வளர்த்தால் உயிர்களை ஆதரிப்பது ஆகாதா?

ஆகாது. நம் நாட்டுக் கிளி, மைனா, சில்லை போன்றவற்றைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பப்பாளி ஒன்று பழுக்க விடுங்கள், கிளி தானே வரும்.

ஏரிக்குப் போய்ப் பார்க்க எது நல்ல சமயம்?

மழை முடிந்து, ஏரி நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வேடந்தாங்கல், கூந்தன்குளம், பள்ளிக்கரணை, கோடியக்கரை, பழவேற்காடு எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் எழுத்தில் உறுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளை அங்கே பார்க்கலாம்.

ஆனால் முதலில் உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். காலை ஆறரைக்குக் கரையில் ஒரு மணி நேரம். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடும் வேலையும் வேண்டாம்; எதிரி வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டுவிட்டு ஓடிவரும்.

பார்த்ததை எழுதிவைத்தால் யாருக்காவது பயன்படுமா?

படும். ஜனவரி நடுவில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலேயே 15 நிமிடம் கண்டதையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு என்ற இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். வீட்டிலிருந்தே செய்யலாம், காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். மரம் பார்ப்பவர்களுக்கு சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. நான் முதலில் சொன்ன, வாரம் ஒரு முறை இலை, பூ, காய் குறிக்கும் அதே வேலைதான் அங்கேயும். பெயர் தெரியாத பூச்சி, செடிக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கூடு, முட்டை இருக்கும் இடத்தை மட்டும் துல்லியமாகப் பொதுவில் போடாதீர்கள்.

பெயர் தெரியாமல் பார்த்தால் சுவாரசியம் இருக்குமா?

எனக்கு ஆறு வருடம் பெயர் தெரியாத குருவி ஒன்று இருந்தது. நோட்டில் "வாலாட்டி நடக்கும் சாம்பல், மஞ்சள் வயிறு" என்றுதான் எழுதியிருந்தேன். அது அக்டோபரில் வரும், ஏப்ரலில் போய்விடும் என்பது பெயர் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. சாம்பல் வாலாட்டியாம். இந்த வருடம் செப்டம்பர் 28 அன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து நடந்துகொண்டிருந்தது.